எண்டூரன்ஸ் குழுவைக் காப்பாற்றியது தலைமையா, அதிர்ஷ்டமா?

கேள்வி இதுதான்: 1915இல் அண்டார்டிக்காவின் வெட்டல் கடலில் பனியில் சிக்கி நொறுங்கிய எண்டூரன்ஸ் கப்பலின் 28 பேரும் உயிரோடு மீண்டதற்கு எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் தலைமை காரணமா, அதிர்ஷ்டம் காரணமா? மேலாண்மைப் பயிற்சிகளில் அவரைப் பற்றிச் சொல்லப்படுபவற்றில் எவ்வளவு உண்மை?

இரண்டுமே காரணம் என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் எந்த இடத்தில் எது வேலை செய்தது என்பதைப் பிரித்துப் பார்க்க முடியும். என் கணிப்பில், ஷாக்கிள்டன் தம் கண்ணெதிரே இருக்கும் மனிதரைப் படிப்பதிலும் அவர்களை ஒருவரோடொருவர் முறுக்கிக்கொள்ளாமல் வைத்திருப்பதிலும் ஈடிணையற்றவர். முன்கூட்டித் திட்டமிடுவதிலும், தம் பார்வைக்கு எட்டாத இடத்தில் இருப்பவர்களுக்கு வேண்டியதைச் செய்து வைப்பதிலும் சாதாரணமானவர், சில வேளைகளில் பொறுப்பற்றவர். பயிற்சி வகுப்புகள் முதல் பாதியை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. 'ஆபத்தான பயணத்துக்கு ஆட்கள் தேவை, சம்பளம் குறைவு, குளிர் கடுமை' என்ற பொருளில் அவர் செய்தித்தாளில் கொடுத்ததாக அடிக்கடி காட்டப்படும் விளம்பரத்தின் மூலப்பிரதி, பலர் தேடியும் இதுவரை அகப்படவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில், அவர்கள் ஏன் சிக்கினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அண்டார்டிக்கக் கண்டத்தை ஒரு கடலோரத்திலிருந்து மறு கடலோரம் வரை தென்துருவம் வழியாக, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளோடு கடப்பதே திட்டம். 1914 நவம்பரில் எண்டூரன்ஸ் சௌத் ஜார்ஜியா தீவின் கிரிட்விக்கன் திமிங்கிலவேட்டை நிலையத்தை அடைந்தபோது, அங்கிருந்த நார்வீஜிய மாலுமிகள் அந்த ஆண்டு வெட்டல் கடலில் பனி வழக்கத்துக்கு மாறாக வடக்கே வெகுதூரம் பரவியிருப்பதாக எச்சரித்தார்கள். 1912இல் ஜெர்மானியரான ஃபில்ஷ்னரின் கப்பல் அதே கடலில் மாதக்கணக்கில் உறைந்து கிடந்ததும் ஷாக்கிள்டன் அறியாத செய்தி அல்ல. ஒரு மாதம் காத்திருந்துவிட்டு டிசம்பர் 5ஆம் தேதி கிளம்பினார். 1915 ஜனவரி 18ஆம் தேதி வாக்கில், இறங்க வேண்டிய வாசெல் விரிகுடா ஒரு நாள் பயணத் தொலைவில் இருந்தபோது, பனி கப்பலைச் சூழ்ந்து இறுகிவிட்டது. கப்பலும் அந்த நெருக்கடிக்கென்று கட்டப்பட்டதல்ல. வடதுருவப் பக்கம் சுற்றுலாவுக்கும் வேட்டைக்கும் செல்வதற்காக நார்வேயில் கட்டப்பட்டது. பனி நெருக்கும்போது மேலே எழும்பி நிற்கும்படி உருண்டையான அடிப்பகுதி அதற்கு இல்லை. ஆகவே, அவர் பிறகு காட்டிய திறமையெல்லாம் பெரும்பாலும் தாமே வரவழைத்த இக்கட்டிலிருந்து மீள்வதற்காகக் காட்டிய திறமை.

அந்தத் திறமை என்னவென்பது கப்பலில் கழிந்த குளிர்காலத்திலேயே தெரியத் தொடங்கியது. விஞ்ஞானிகளும் மாலுமிகளும் ஒரே மாதிரி முறைவைத்துத் தரையைத் துடைத்தார்கள். நாய்களைப் பழக்குவதும் பனியின் மீது கால்பந்து ஆடுவதும் அன்றாட ஒழுங்காயின. ஆள் எடுக்கும்போதே அவர் இதை மனதில் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். இயற்பியலாளர் ரெஜினால்ட் ஜேம்ஸை நேர்காணல் செய்தபோது படிப்பைப் பற்றி அதிகம் கேட்காமல், மற்றவர்களோடு சேர்ந்து பாட வருமா என்றுதான் கேட்டாராம்.

1915 அக்டோபர் 27ஆம் தேதி கப்பலைக் கைவிட்டுப் பனியில் இறங்கினார்கள். நவம்பர் 21ஆம் தேதி அது மூழ்கியது. கண்டத்தைக் கடக்கும் கனவு அன்றோடு முடிந்தது. அதற்காக அவர் குழுவின் முன் புலம்பவில்லை, சாக்குப்போக்கும் சொல்லவில்லை. இனி ஊர் திரும்புவதுதான் வேலை என்று சொல்லிவிட்டு அடுத்த ஏற்பாட்டில் இறங்கினார். இது அவருக்குப் புதிதும் அல்ல. 1909இல் தென்துருவத்துக்கு 97 கடல்மைல் தொலைவு வரை போய்விட்டு, மேலே போனால் திரும்பி வர உணவு போதாது என்று பார்த்துத் திரும்பியவர் அவர்.

பனியில் ஒவ்வொருவரும் 2 பவுண்டு எடையுள்ள சொந்தப் பொருள்களை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்ததும், முதல் ஆளாகத் தம் பொற்காசுகளைப் பனியில் வீசினார். ஆனால் வானிலையாளர் ஹஸ்ஸியின் பாஞ்சோ வாத்தியத்தை, அதன் எடை 12 பவுண்டு இருந்தும், விட்டுவிட்டு வர அனுமதிக்கவில்லை. அது மனத்துக்கான மருந்து என்பது அவர் கருத்து. புகைப்படக்காரர் பிராங்க் ஹர்லியின் கண்ணாடிப் படத்தகடுகளில் 120 அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு ஏறத்தாழ 400 தகடுகளை அங்கேயே உடைத்தார்கள். ஹர்லி மனம் மாறி மறுபடி எடுத்து வைத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காகத்தான் உடைத்தது. மயிர்த்தோல் உறங்குபைகள் 18தான் இருந்தன, மற்றவை கம்பளி. சீட்டுக் குலுக்கியபோது ஷாக்கிள்டன், துணைத் தலைவர் வைல்ட், கப்பல் தலைவர் வொர்ஸ்லி உள்ளிட்ட அதிகாரிகளுக்கெல்லாம் வினோதமாகக் கம்பளிப் பைகளே விழுந்தன. குலுக்கலில் ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்று மாலுமிகள் உடனே புரிந்துகொண்டார்கள். அப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதும் நோக்கமாக இருந்திருக்கலாம்.

கூடாரம் பிரித்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஐந்து கூடாரங்களில் தமக்கான கூடாரத்தில் நண்பர்களை அவர் வைத்துக்கொள்ளவில்லை. தம்மை யாரும் மதிக்கவில்லை என்று எளிதில் நினைத்துவிடும் ஹர்லியையும், சட்டென்று சோர்ந்துவிடும் ஹட்சனையும், மற்றவர்களின் கேலிக்கு ஆளாகக்கூடிய ஜேம்ஸையும் தம்மோடு சேர்த்துக்கொண்டார். ஹர்லியிடம் எல்லாவற்றுக்கும் ஆலோசனை கேட்பார். அந்த மனிதர் அதில் குளிர்ந்துபோய்விடுவார். யார் யாரோடு இருந்தால் அதிருப்தி பரவும், யார் தனியே விடப்பட்டால் உடைந்துபோவார் என்ற கணக்கை அவர் இரவு பகலாகப் போட்டுக்கொண்டிருந்தார் என்றே தோன்றுகிறது.

உணவைப் பங்கிடுவதில் ஒரு வழக்கம் இருந்தது. கூடாரத்தில் சமையல் முறை வந்தவர் பங்குகளை வைத்துவிட்டு, ஒரு பங்கைச் சுட்டி 'யாருக்கு?' என்று கேட்பார்; முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் இன்னொருவர், எந்தப் பங்கு என்று பார்க்காமலே ஒரு பெயரைச் சொல்வார். சீல் இறைச்சித் துண்டு அரை விரற்கடை கூடுதலா குறைவா என்பதற்காக மனிதர்கள் ஒருவரையொருவர் வெறுக்கத் தொடங்கும் சூழலில், இந்தச் சிறு ஏற்பாடு எத்தனை சண்டைகளைத் தடுத்திருக்கும்! பின்னர்ப் படகில் ஒருவர் குளிரில் தளர்ந்துபோவதைக் கண்டால், அவருக்கு மட்டும் சூடான பால் கொடுக்கச் சொல்லமாட்டார். எல்லோருக்கும் காய்ச்சச் சொல்வார். தளர்ந்தவருக்குத் தாம்தான் காரணம் என்று தெரியாது. தெரிந்தால் இன்னும் தளர்ந்துவிடுவார்.

இதே குணத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1915 டிசம்பர் இறுதியிலிருந்து மூன்று மாதத்துக்கு மேல் 'பொறுமை முகாம்' என்று பெயரிட்ட பனிப்பாளத்தில் மிதந்துகொண்டிருந்தபோது, கையிருப்புக்குப் பொறுப்பாளரான தாமஸ் ஆர்ட்-லீஸ், அகப்படும் சீல்களையும் பென்குயின்களையும் எல்லாம் இப்போதே அடித்துச் சேர்த்துவைக்க வேண்டும் என்று மன்றாடினார். ஷாக்கிள்டன் அதற்கு இணங்கவில்லை. பெருமளவில் சேமிக்கத் தொடங்கினால் இன்னொரு குளிர்காலமும் இங்கேதான் என்று தலைவரே நம்புவதாக ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பது அவருடைய அச்சம். விளைவு, சில வாரங்களில் விலங்குகள் அருகிப்போய், இறைச்சியும் அடுப்புக்கு வேண்டிய சீல் கொழுப்பும் தட்டுப்பாடாகிவிட்டன. எஞ்சிய நாய்களைச் சுட்டுத் தின்ன வேண்டியதாயிற்று. ஆர்ட்-லீஸை யாருக்கும் பிடிக்காது. ஆனால் அந்த விஷயத்தில் அவர் சொன்னதே சரி. நம்பிக்கையைக் காப்பதற்காக உணவைப் பணயம் வைத்த முடிவு அது. பனி ஏப்ரலில் பிளக்காமல் மேலும் இரண்டு மாதம் நீடித்திருந்தால் ஷாக்கிள்டனின் பெயர் இன்று வேறு விதமாகப் பேசப்பட்டிருக்கும்.

மெக்நிஷ் விவகாரமும் இக்காலத்தியதுதான். டிசம்பர் 27ஆம் தேதி, கனமான படகுகளைக் குழைந்த பனியில் இழுத்துக்கொண்டு போகையில், தச்சர் ஹாரி மெக்நிஷ் இழுக்க மறுத்து நின்றுவிட்டார். கப்பல் மூழ்கியதோடு ஒப்பந்தமும் முடிந்தது, இனிக் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்பது அவர் வாதம். பொதுவான கடல்வழக்கில் அந்த வாதத்துக்கு இடமும் இருந்தது. ஷாக்கிள்டன் எல்லோரையும் கூட்டி ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டினார். கப்பலில் மட்டுமல்லாமல் படகிலும் கரையிலும் பணியாற்ற வேண்டும் என்ற வாசகம் அதில் இருந்தது. துறைமுகம் சேரும்வரை ஊதியம் உண்டு என்றும் உறுதி கூறினார். கலகம் ஓய்ந்தது. ஆனால் பனி மோசமாக இருந்ததால் இழுவையையும் இரண்டே நாளில் அவர் நிறுத்த வேண்டி வந்தது. ஆக, படகை இழுக்க மறுத்த மெக்நிஷின் பிடிவாதமும் முற்றிலும் தவறாகிவிடவில்லை.

1916 ஏப்ரல் 9ஆம் தேதி பனிப்பாளம் உடைந்ததும் மூன்று படகுகளில் இறங்கி, ஏழு நாள் உறைபனியிலும் கடல்நீரிலும் நனைந்தபடி எலிஃபன்ட் தீவை அடைந்தார்கள். 497 நாளுக்குப் பின் கால் வைத்த முதல் திடநிலம் அது. இங்கே அதிர்ஷ்டத்துக்கு உரிய பங்கைக் கொடுத்தாக வேண்டும். நீரோட்டமும் காற்றும் அவர்களை உணவுக் கையிருப்பு இருந்த பாலெட் தீவைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டன. எலிஃபன்ட் தீவும் கிளாரன்ஸ் தீவும்தான் அந்தத் திசையில் எஞ்சியிருந்த நிலம். அவற்றையும் தாண்டியிருந்தால் அப்பால் திறந்த பெருங்கடல். பனி எப்போது எங்கே பிளக்கும் என்பது எந்தத் தலைவரின் கையிலும் இல்லை.

அந்த மூன்றில் ஒன்றான ஜேம்ஸ் கேர்ட் படகில் ஷாக்கிள்டன் உள்ளிட்ட ஆறு பேர் உதவி தேடி 800 கடல்மைல் கடந்து சௌத் ஜார்ஜியாவை அடைந்ததை ஷாக்கிள்டனின் சாதனையாக மட்டும் எழுதுவது இன்னொரு தவறு. இருபத்திரண்டரை அடி நீளமுள்ள அந்தப் படகின் பக்கங்களை உயர்த்தி, பெட்டிப் பலகைகளையும் சறுக்குவண்டியின் கட்டைகளையும் வைத்துக் கித்தான் மேல்தளம் அமைத்து, இடுக்குகளை விளக்குத்திரியும் ஓவியரின் எண்ணெய்ச் சாயமும் சீல் இரத்தமும் கொண்டு அடைத்தவர் அதே மெக்நிஷ். வழி கண்டுபிடித்தவர் பிராங்க் வொர்ஸ்லி. மேகம் மூடிய 16 நாளில் நான்கே முறை சூரியனைப் பார்த்துக் கோணம் அளந்து, ஒரு தீவைத் தவறவிடாமல் பிடித்தார். ஒருவர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, ஆடும் படகின் மேல் மண்டியிட்டு, நனைந்து பிசுபிசுத்த அட்டவணைகளைப் புரட்டிச் செய்த கணக்கு அது. சிறு பிழை நேர்ந்திருந்தாலும் படகு அட்லாண்டிக்கின் நடுவே போய்விட்டிருக்கும். ஷாக்கிள்டனின் பங்கு ஆள் தேர்வில் இருந்தது. மெக்நிஷையும் சண்டைக்காரரான வின்சென்ட்டையும் உடன் அழைத்துச் சென்றதற்கு அவர்களின் கைத்திறனும் உடல்வலுவும் ஒரு காரணம் என்றால், தீவில் விட்டுச் சென்றால் எஞ்சியவர்களிடையே குழப்பம் விளையும் என்ற நினைப்பு இன்னொரு காரணம்.

படகு கரையேறிய இடம் தீவின் ஆளற்ற பக்கம் என்பதால், மே 19ஆம் தேதி அதிகாலையில் ஷாக்கிள்டன், வொர்ஸ்லி, டாம் கிரீன் மூவரும் ஐம்பது அடிக் கயிறும் தச்சரின் ஒரு வாய்ச்சியும் கொண்டு, யாரும் கடந்திராத மலைத்தொடரில் ஏறினார்கள். 36 மணி நேரத்தில் ஸ்ட்ராம்னெஸ் திமிங்கில நிலையத்தை அடைந்தார்கள். வழியில் மற்ற இருவரும் கண்ணயர்ந்தபோது, ஷாக்கிள்டன் தாமும் தூங்கிவிட்டால் மூவரும் எழமாட்டார்கள் என்று உணர்ந்து, ஐந்து நிமிடத்தில் அவர்களை எழுப்பி அரை மணி நேரம் தூங்கியதாகச் சொன்னார். இறங்கி வந்த அன்றிரவே கடும் பனிப்புயல் அடித்தது. மலைமேல் இருந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார்கள். தலைமையும் அதிர்ஷ்டமும் இங்கே ஒரே இரவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

எலிஃபன்ட் தீவில் இருந்த 22 பேரையும் அந்த நான்கு மாதமும் காத்தவர் பிராங்க் வைல்ட். கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளின் கீழ், புகை மண்டிய இருட்டில், மாலுமி பிளாக்போரோவின் உறைந்து அழுகிய கால்விரல்களை ஜூன் மாதம் மருத்துவர்கள் குளோரோஃபார்ம் கொடுத்து வெட்டியெடுத்தார்கள். வைல்ட் தினமும் காலையில், 'படுக்கையைச் சுருட்டுங்கள், தலைவர் இன்று வந்துவிடலாம்' என்று சொல்லியே எழுப்புவார். மூன்று மீட்பு முயற்சிகள் பனியால் தடைப்பட்டு, நான்காவதாக லூயிஸ் பார்டோ தலைமையில் சிலி நாட்டின் எல்சோ என்னும் சிறுகப்பல் ஆகஸ்ட் 30ஆம் தேதி வந்தது. இரண்டாம் இடத்துக்குச் சரியான ஆளைத் தேர்ந்தெடுத்ததும் தலைமையின் கணக்கில்தான் சேரும் என்றாலும், வைல்டுக்கு உரிய புகழ் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

தலைமை எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதை அறிய, ஏறத்தாழ அதே காலத்தில் வடதுருவக் கடலில் நடந்த கார்லக் கப்பலின் கதையோடு ஒப்பிடுவது பயனுள்ளது. கனடிய அரசின் பயணத்துக்குத் தலைமை தாங்கிய ஸ்டெஃபான்சன், கப்பல் பனியில் சிக்கியதும் 1913 செப்டம்பர் 20ஆம் தேதி கலைமான் வேட்டைக்கென்று சிலரை அழைத்துக்கொண்டு இறங்கிப் போனார். சில நாளில் புயல் கப்பலை அடித்துச் சென்றுவிட்டது, அவர் தம் ஆய்வைத் தொடரப் போய்விட்டார். 1914 ஜனவரியில் கப்பல் மூழ்கியபோது அதிலிருந்த 25 பேரில் 11 பேர் பிறகு மாண்டார்கள். கப்பல் தலைவர் ராபர்ட் பார்ட்லெட் திறமையானவர், துணிச்சல்காரர். கட்டாக்டோவிக் என்ற இளைஞரோடு சைபீரியா வரை நடந்தே போய் மீட்புக்கு வழிசெய்தார். ஆனால் அவர் அந்த ஆட்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களை ஒரு குழுவாக்க யாரும் முயன்றதுமில்லை. மருத்துவர் மக்கே, உயிரியலாளர் மரே ஆகியோர் பார்ட்லெட்டின் திட்டத்தை நம்பாமல், தங்களுக்கு நேர்வதற்கு அவர் பொறுப்பல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வேறு இருவரோடு தனியே போய் மறைந்தார்கள். இந்த மக்கேயும் மரேயும் சில ஆண்டுகளுக்கு முன் ஷாக்கிள்டனின் நிம்ராட் பயணத்தில் இருந்தவர்கள். துருவ அனுபவம் மட்டும் உயிரைக் காப்பதானால் அவர்கள்தான் பிழைத்திருக்க வேண்டும். சைபீரியாவுக்கு வடக்கே உள்ள ராங்கல் தீவில் ஒதுங்கிய எஞ்சியவர்களுக்கு வேட்டையாடிக் கொடுத்தவர் இனுபியாக் இனத்தவரான குரலுக். உடையும் காலணியும் தைத்துக் கொடுத்தவர் அவர் மனைவி கிருக். அவர்களும் இரு பெண் குழந்தைகளும் உயிரோடு மீண்டார்கள்.

இனி, மேலாண்மை வகுப்புகள் விட்டுவிடும் பகுதி. ஷாக்கிள்டனின் பயணத்துக்கு இன்னொரு பாதி இருந்தது. அவர் கண்டத்தின் மறுபுறம் இறங்கும்போது உணவு வேண்டும் என்பதற்காக ராஸ் கடல் பக்கத்திலிருந்து கையிருப்புகளை வைத்து வர அரோரா கப்பலில் இன்னொரு குழு அனுப்பப்பட்டது. அந்தக் கப்பலை ஆஸ்திரேலியாவில் தயார்செய்யப் போதிய பணம் இல்லை; தலைவர் மக்கின்டாஷ் கடனும் நன்கொடையும் தேடி அலைய வேண்டியிருந்தது. 1915 மே மாதம் புயலில் அரோரா நங்கூரத்தை அறுத்துக்கொண்டு போனபோது, பெரும்பாலான பொருள்கள் கப்பலிலேயே இருக்க, கரையில் பத்துப் பேர் தனித்து நின்றார்கள். முந்தைய பயணக்காரர்கள் விட்டுச்சென்ற கித்தானில் உடை தைத்துக்கொண்டு, ஸ்கர்வி நோயால் ஈறு வீங்கிக் கால் கறுத்த நிலையிலும், பியர்ட்மோர் பனியாற்றின் அடிவாரம் வரை உணவைக் கொண்டுபோய் வைத்தார்கள். யாருக்காக வைத்தார்களோ அவருடைய கப்பல் ஏற்கெனவே மூழ்கிவிட்டிருந்தது. திரும்பும் வழியில் ஸ்பென்சர்-ஸ்மித் இறந்தார். மக்கின்டாஷும் ஹேவர்டும் மெல்லிய கடற்பனியில் நடந்து போய்க் காணாமற்போனார்கள். எழுவர் 1917 ஜனவரியில் மீட்கப்பட்டார்கள். அந்த மீட்புக் கப்பலுக்குத் தலைமை வேறொருவருடையது; ஷாக்கிள்டன் அதில் பொறுப்பில்லாத கூடுதல் ஆளாகவே பயணித்தார், செலவு செய்த அரசுகள் அவரை நம்பிக் கப்பலைக் கொடுக்கத் தயாராக இல்லை. 'ஒருவரைக்கூட இழக்காத தலைவர்' என்று அவரைச் சொல்வது வெட்டல் கடலோடு நின்றால்தான் பொருந்தும்.

மெக்நிஷைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயணம் முடிந்து துருவப் பதக்கம் வழங்கப்பட்டபோது, ஷாக்கிள்டனின் பரிந்துரை இல்லாததால் எண்டூரன்ஸ் குழுவில் நால்வருக்கு அது மறுக்கப்பட்டது. மெக்நிஷும் வின்சென்ட்டும் அவர்களில் அடக்கம். ஜேம்ஸ் கேர்ட் படகு அந்தத் தச்சரின் கைவேலை இல்லாமல் இரண்டு நாள்கூடத் தாங்கியிருக்காது. ஆபத்து நீடித்தவரை கலகக்காரரைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்ட தலைவர், ஆபத்து தீர்ந்ததும் அந்தக் கலகத்தை மறக்கவில்லை. அதே பயணத்தில் மருத்துவராக இருந்த மாக்லின் பின்னாளில் இதைப் பெரும் அநீதி என்றே சொன்னார். எனக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை.